இரண்டாவது தையல் மிஷின்

“பதறாதே” என்று சொல்லி யாருடைய பதற்றமாவது தீர்ந்திருந்தால் தயவுசெய்து முகவரி அனுப்புங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். இந்த மனிதரிடம் அந்த வார்த்தையை நாற்பத்தோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவர்கள் சொன்னார்கள், வாத்தியார்கள் சொன்னார்கள், பல் டாக்டர் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னும் சொன்னார், பிடுங்கி முடித்த பிறகும் பழக்கதோஷத்தில் சொன்னார். பலன் என்னவென்றால், பழைய பதற்றம் அப்படியே இருக்க, பதறிவிடப்போகிறோமே என்ற புதுப் பதற்றமும் கூடவே குடிவந்துவிட்டது.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். உட்கார்ந்தால் வலது முழங்கால் மேலும் கீழும் ஆடும். கண்டபடி ஆடாது, மிதித்து ஓட்டும் தையல் மிஷின் மாதிரி சீராக ஆடும். நின்றால் குதிகால் ஆடும், தோளில் தொங்கும் பையில் ஸ்பேனர்கள் கிணுகிணுக்கும். அதனால் கம்பெனியிலும் சரி, அவர் பார்க்கும் கட்டடங்களிலும் சரி, அவருக்கு மிஷின் என்றே பெயர். அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் நிஜமாகவே தையல் கடை வைத்திருக்கிறார். “எங்க வீட்ல ரெண்டு மிஷின். ஒண்ணுல மட்டும்தான் துணி தைக்கலாம்” என்று அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார். உள்ளறையில் உட்கார்ந்து அதைக் கேட்கும் கணவருக்கு அதற்கும் கால் ஆடும்.

பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் இவர் நின்ற இடத்தில் நிற்கமாட்டாராம். இரண்டாவது அடிக்கு ஜன்னலோரம், நான்காவது அடிக்கு வகுப்பு வாசல், கடைசி அடியை வராந்தாவிலிருந்து சத்தமாகச் சொல்வார். வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். இவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எதிரே இருந்தவரின் மேஜை இழுப்பறை சிக்கிச் சிக்கித் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்துபோய் அதைக் கழற்றி, சரிசெய்து, மாட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை கிடைத்தது. பத்தொன்பது வருடமாகியும், அந்த வேலை ஏன் கிடைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

எரிச்சல் வருவது இங்கேதான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் “கொஞ்சம் பொறுங்க, பாத்துட்டிருக்கோம்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். இருட்டுப் பெட்டிக்குள் நிற்பவருக்கு அந்த ஒரு வரிக்குப் பிறகு நாற்பது நிமிடம் மௌனம். நம் ஆளால் வாயை மூட முடியாது. “இப்ப மேல ஏறிட்டிருக்கேன்மா. இப்ப மெயினை ஆஃப் பண்றேன், உள்ள ஃபேன் நிக்கும், நிக்கறது நல்லதுதான். இப்ப ஒரு டக்குனு சத்தம் வரும், அது நான்தான். இப்ப அரை அடி இறங்கும், பயப்படாதீங்க, நான் பயந்துட்டேதான் இருக்கேன், நமக்குள்ள ஒருத்தர் பயந்தா போதும்” என்று கதவு இடுக்கு வழியாக ஓடிக்கொண்டே இருப்பார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இவரோ அன்று முழுக்க, அதிகம் பேசிவிட்டோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். கையில் இருக்கும் கருவியை நோயென்று நினைத்து மருந்து தேடும் ஆளை என்ன செய்வது?

இனி கட்டடத்துக்கு வருவோம். ஏழு மாடி, இருபத்தெட்டு வீடு, ஒரே லிஃப்ட். கையால் இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு போட்ட பழைய காலத்து லிஃப்ட். அது நான்கு இரும்பு வடங்களில் தொங்குகிறது. ஒவ்வொரு வடமும் மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. மாதம் ஒருமுறை மிஷின் மொட்டைமாடிக்கு மேலுள்ள மோட்டார் அறைக்குப் போய், ஓடுகிற வடத்தைச் சுற்றி ஒரு துணியைத் தளரப் பிடித்துக்கொள்வார். நல்ல வடம் துணியில் கிரீஸை மட்டும் பூசிவிட்டுப் போகும். எங்காவது ஒரு கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் துணியைக் கொக்கி போட்டு இழுக்கும். இழுத்த இடத்தில் நிறுத்தி, அறுந்த கம்பிகளை எண்ணவேண்டும். கம்பெனியின் கையேட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஒரு சாண் நீளத்துக்குள் இருபது கம்பி அறுந்தால் வடத்தை மாற்று. முப்பது அறுந்தால் லிஃப்டையே நிறுத்து.

அந்த மாதம் மூன்றாவது வடத்தில் இருபத்தொன்று.

செலவு ஒரு விஷயமே இல்லை, வடம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடக்கம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் சமமாக விழாது, நான்கையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும், அதற்குப் பத்து நாள் லிஃப்ட் ஓடாது. கம்பெனி முதலாளி, குடியிருப்புச் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஆள் அனுப்புகிறேன், நீயே போய்ப் பேசு என்றுவிட்டார். பேசாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். இன்னொரு கட்டடத்தில் அப்படிச் செய்து பார்த்தவர்தான் இவர். ஒரு மணி நேரத்தில் வேறொரு மெக்கானிக் வந்து, விசில் அடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனான். இங்கும் அதுதான் நடக்கும். அதோடு, லிஃப்டுக்குள் தொங்கும் அட்டையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற வார்த்தைக்கு எதிரே இருப்பது இவருடைய கையெழுத்து. அதை நம்பித்தான் அத்தனை பேரும் உள்ளே ஏறுகிறார்கள். ஆக, அந்த எண் முப்பதை நோக்கிப் போவதற்குள் இருபத்தெட்டு வீட்டுக்காரர்களிடம் எழுந்து நின்று பேசி, அவர்களைப் பத்து நாள் படியேற ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும். யார்? மிஷின்.

செய்தி கேட்டதும் மனைவியின் அண்ணன் வந்து இறங்கினார். அவர் வாரநாட்களில் தண்ணீர் ஃபில்டர் விற்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ‘தயக்கத்தை வெல்வோம்’ என்று வகுப்பு எடுப்பவர். வீட்டுக்குள் வரும்போதும் டை கட்டியிருப்பார். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்தது. இரண்டு கையிலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைக் கொடுத்து, சிந்தாமல் பேசச் சொன்னார். முன்னறை ஈரமாகி, தைத்து வைத்திருந்த ஒரு சட்டை நனைந்தது. பிறகு தங்கையின் அளவு டேப்பை எடுத்து மாப்பிள்ளையின் இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டினார். வாடிக்கையாளர் ஒருத்தி வாசலில் காத்திருக்க, “அண்ணா, டேப்பை அவுத்துக் குடு. நான் தோள் அளவு எடுக்கணும்” என்று தங்கை கெஞ்சவேண்டி வந்தது. வாரக் கடைசியில் மிஷின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால் ஆடாமல், ஒரே சீரான குரலில் ஐந்து நிமிடம் பேசக் கற்றுவிட்டார். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கத் தலைவரைக் கட்டடத்தில் தீர்மானம் சார் என்பார்கள். எதைப் பேசினாலும் தடித்த நோட்டில் தீர்மானமாக எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். படிக்கட்டில் செருப்பு கிடப்பதற்கே மூன்று தீர்மானம் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. மிஷின் தூணருகே நின்றார். கை பின்னால். கால் சிலை. நான்கு வடங்களில் ஒன்றில் கம்பிகள் அறுந்து வருகின்றன, நான்கையும் மாற்றிவிடுவது நல்லது, பத்து நாள் ஆகும் என்று நிலைய அறிவிப்பு மாதிரி சொல்லி முடித்தார்.

தீர்மானம் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “விழுமா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. “உடனே விழாது சார். மத்த மூணும் தாங்கும். பிரேக் வேற இருக்கு” என்றார், மச்சான் கற்றுக்கொடுத்த அதே சீரான குரலில்.

நாற்காலிகள் நிம்மதியாக முனகின. அதன்பிறகு பேச்சு வடத்தைப் பற்றியதாக இல்லை, வசதியைப் பற்றியதாக மாறிவிட்டது. நான்காம் மாடியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இரண்டாம் மாடிக்கு வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், வந்து பார்த்துவிட்டு என்ன நினைப்பார்கள்? முதல் மாடிக்குப் புது ஃபிரிட்ஜ் வரவேண்டியிருக்கிறது. முதல் மாடிக்கு. ஆறாம் மாடி கணக்கு டீச்சர் சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலை ஏழு நாற்பதுக்கு லிஃப்டில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறவர். லிஃப்ட் இல்லையென்றால் அவருக்குப் பத்து நாளும் வீட்டுச் சிறைதான். லிஃப்டை உடனே நிறுத்தலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது இரண்டு கைகள் எழுந்தன. டீச்சரின் கை அதில் இல்லை. ‘வசதியான காலத்தில் வடங்களை மாற்றிக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நோட்டில் ஏறியது. அந்த இரண்டு கைகளும் எந்த மனதில் சேர்ந்தன என்று யாரும் கேட்கவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான் ஓடிவந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு தன் வகுப்பிலேயே அவரை மேடையேற்றி, நாற்பத்தோரு வருட நடுக்கத்தை ஒரே வாரத்தில் வென்ற வீரர் என்று அறிமுகப்படுத்தினார். நாற்பது பேர் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, “அப்ப அந்த லிஃப்டை நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டாள். கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மச்சான். கடைசியில் டீயும் பிஸ்கட்டும் வந்தன, கேள்விகள் வரவில்லை.

அதற்குள் எண் இருபத்து நான்கு ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை எண்ண வேண்டியவர் இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு ஆறாம் மாடியில் டீச்சர் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, மேலிருந்து கிரீஸ் கையோடு இறங்கிவந்த மிஷின் அவரோடு உள்ளே ஏறிக்கொண்டார். லிஃப்ட் நகர்ந்தது. குதிகால் ஆட ஆரம்பித்தது, தோள்பையில் ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன, ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது அவர் கண் தானாகக் கூரையைப் பார்த்தது. டீச்சர் அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அன்னிக்குக் கூட்டத்துல இது எங்க போச்சு?”

“எது டீச்சர்?”

“இந்த ஆட்டம்.”

“மச்சான் ஆடக்கூடாதுன்னுட்டார் டீச்சர். முழங்காலைக் கட்டிப் போட்டுப் பழக்கினார்.”

டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். தரைத்தளம் வந்தும் கதவைத் திறக்கவில்லை. “நான் நீங்க பேசினதைக் கேக்கவே இல்ல. உங்க காலைத்தான் பாத்துட்டிருந்தேன். மூணு வருஷமா பாக்கறேன், அது ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாத்ததில்ல. அன்னிக்கு அது சும்மா இருந்துது. சரி, இந்த மனுஷனே பயப்படல, நாம எதுக்குப் பத்து நாள் உள்ள கெடக்கணும்னு கையைத் தூக்காம விட்டேன்.” நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, “உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு பயம்?” என்றார்.

பதிலை ஸ்பேனர்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

இத்தனை வருடத்தில் அவரிடம் பயத்தின் அளவைக் கேட்ட முதல் ஆள் டீச்சர்தான். மற்ற எல்லாரும் அதை எடுத்துப் போடத்தான் சொன்னார்கள். பயத்தைத் தேவையான இடத்தில் பத்திரமாக மறைத்துவிட்டு, தேவையில்லாத இடத்தில் எல்லாம் அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவருக்கு அன்று மதியம், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது உறைத்தது. சாப்பிடவில்லை.

சிறப்புக் கூட்டம் கூட்டவேண்டுமானால் பத்து வீட்டின் கையெழுத்து வேண்டும், அதற்கும் ஒரு பழைய தீர்மானம் இருந்தது. டீச்சர் மனு எழுதி, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பி, தன் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். மூன்று நாளில் பத்துப் பேரும் வந்தார்கள். லிஃப்டை நிறுத்தக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட, பத்துப் பேரும் லிஃப்டில்தான் வந்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் பேனா கொண்டுவர மறந்து இரண்டு தடவை வந்தார். மோட்டார் அறையில் துணியோடு நின்றுகொண்டிருந்த மிஷின் ஒவ்வொரு கையெழுத்துக்கும் வடம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். இருபத்தைந்து.

வீட்டில் அன்று சாயங்காலம் வேறொரு சண்டை. துவைக்கப் போட்ட பேன்ட் பையிலிருந்து மனைவி ஒரு துணியை எடுத்தார். தாறுமாறாகக் கிழிந்து, நூல் நூலாகத் தொங்கியது. “என்னங்க இது, பூனை பிறாண்டின மாதிரி? நல்ல காடாத் துணி, போன வாரம்தான் வெட்டிக் குடுத்தேன். எப்பவும் கறுப்பாத்தானே வரும், கிழிஞ்சு வராதே” என்று திட்டினார்.

மிஷின் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். ஏழாவது மாடிக்கு மேலே போய் வடத்தைப் பார்க்காத, கையேட்டைப் படிக்காத ஒருத்தி, ஒரு கந்தலைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். “அதே அளவுல நாலு வெட்டிக் குடேன். வெள்ளையா” என்றார். எதற்கு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மனைவி வெட்டிக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மச்சான் டம்ளர்களோடு வந்தார். தங்கை வாசலிலேயே நிறுத்தி, “இந்தத் தடவை அவரை விட்டுரு அண்ணா. ஆடிட்டுப் போகட்டும். என் தரையும் காய்ஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். தண்ணீர் வேண்டாம் என்று ஃபில்டர் விற்பவரிடம் சொன்ன ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கூட்டம். அதே இடம், அதே நாற்காலிகள். அவசரமாக இன்னொரு கூட்டம் எதற்கு, முடிந்துபோன தீர்மானத்தை யார் தோண்டியது என்ற முணுமுணுப்பு எழுந்தது. தீர்மானம் சார் ஐந்து நிமிடம்தான் என்று கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மிஷின் எழுந்தார். பழக்கத்தில் கை பின்னால் போய்விட்டது. “நான்கு வடங்களில்” என்று அந்த நிலைய அறிவிப்புக் குரல் ஆரம்பித்தது.

“கையை முன்னாடி கொண்டு வாங்க” என்றார் டீச்சர், வகுப்பில் கடைசி பெஞ்சிடம் பேசும் குரலில்.

கை முன்னால் வந்தது. வந்த கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையைத் திறந்தது. நான்கு துணிகளை எடுத்து, முன்வரிசையில் இருந்தவர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. கைக்கு வேலை கிடைத்ததும் காலுக்கும் விடுதலை கிடைத்துவிட்டது. அது நடக்க ஆரம்பித்தது. தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே போய்வந்துகொண்டே, லிஃப்டில் மாட்டியவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசுவாரே, அதே மாதிரி பேச ஆரம்பித்தார். காலையில் ஆறு மணிக்கு மேலே போனது, நாலு வடத்திலும் ஒவ்வொரு துணி பிடித்தது, இந்த மூன்று துணியில் கிரீஸ் மட்டும் இருப்பது, நான்காவது துணி உங்கள் கையில் எப்படி வந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள் என்பது. கிழிந்த துணி கை மாறிக் கை மாறிப் பின்வரிசைக்குப் போனது. அதில் சிக்கியிருந்த ஒரு கம்பித்துண்டு நான்காம் மாடிக்காரரின் விரலைக் குத்தியது. அவர் விரலைச் சப்பிக்கொண்டே துணியை இரண்டாம் தடவை பார்த்தார். அன்றைய வாதங்களிலேயே பலமானது அந்தக் குத்துதான்.

“இருபத்தொண்ணு இருந்துது, போன கூட்டத்தப்ப. இன்னிக்கு இருபத்தேழு. நான் எண்ணிட்டிருக்கும்போதே கீழேருந்து யாராவது பட்டனை அமுக்கிடறீங்க. யாருன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க கதவை டமால்னு சாத்துவீங்க. மூணாம் மாடி அம்மா ரெண்டு தடவை இழுப்பாங்க. டீச்சர் சாத்தினா சத்தமே வராது, நாற்காலி சக்கரம் மட்டும் கேக்கும். கையில அறுந்த கம்பியை வெச்சுக்கிட்டு, இப்ப உள்ள யார் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கறது இருக்கே, அது நல்லால்ல சார்.”

குரல் உடைந்து, ஏறி, இறங்கி வந்தது. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தீர்மானம் சார் தன் பழைய கேள்வியையே கேட்டார், ஆனால் இந்த முறை மெதுவாக. “விழுமா?”

“விழாதுன்னுதான் புத்தகத்துல இருக்கு சார். பிரேக் பிடிக்கும். அறுந்த வடம் மேல சுத்திச் சிக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்குத்தான் கால் ஆடுது. தெரிஞ்சிருந்தா போன தடவை மாதிரி அமைதியா சொல்லியிருப்பேன்.”

டீச்சர் இரண்டு கணக்குக் கேட்டார். மூன்று வாரத்தில் ஆறு என்றால் முப்பது எப்போது என்று முதலில். பத்து நாள் என்பது எத்தனை நாள் என்று அடுத்து. முதலாவதற்குப் பத்து நாள், அதற்குள்ளும் வரலாம், அறுந்துபோன ஒவ்வொன்றும் அடுத்ததை வேகமாக அறுக்கும் என்றார் மிஷின். இரண்டாவதற்கு, பத்து, ஒருவேளை பதினொன்று என்றார். ஆறாம் மாடியில் அடைந்து கிடக்கப்போவது அவர் ஒருவர்தான். அது எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் முதலில் கை தூக்கத் துணியவில்லை.

“பதினொண்ணுன்னே வெச்சுக்கறேன். லீவு போட்டுக்கறேன்” என்று சொல்லி அவர் கையைத் தூக்கினார்.

மற்ற கைகள் அதற்குப் பிறகு எழுந்தன. ஃபிரிட்ஜ் வரவிருந்த முதல் மாடிக்காரர்கூடத் தூக்கினார். கடைசியாகத் தீர்மானம் சார் இடது கையைத் தூக்கிக்கொண்டு, வலது கையால், ‘தலைவரின் இடைவிடாத முயற்சியால்’ என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

இதோடு முடிந்தது, எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்கள் குடியிருப்பில் வாழ்ந்ததில்லை. லிஃப்ட் நின்ற முதல் நாளே படிக்கட்டில் மிஷினைப் பார்த்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, அவ்வளவு பயமுறுத்தியிருக்க வேண்டாம் என்றார்கள். ஐந்தாம் மாடிக்காரர், மூன்று வடம் நன்றாகத்தானே இருந்தது, அந்த ஒன்றை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார். மச்சான் ஆறு மாடி ஏறி வந்தார். இந்த வாரத்திலிருந்து வகுப்பின் பெயர் ‘நடுக்கமே மூலதனம்’, நாற்பது பேரும் இப்போது காலை ஆட்டிப் பழகுகிறார்கள், மாப்பிள்ளை வந்து செய்துகாட்ட வேண்டும் என்றார்.

“அவங்களுக்கு எதுல பயம் மச்சான்?”

“ஒரு பயமும் இல்ல மாப்பிள்ளை. எல்லாம் தைரியசாலிங்க.”

“அப்ப எதுக்கு ஆட்டறாங்க?” என்று கேட்டுவிட்டு மிஷின் வடச்சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டார். மச்சான் அந்தக் கேள்வியையும் கடைசியில் எடுத்துக்கொள்வார் என்று நம்புவோம்.

வேலை நடந்த நாட்களில் தினமும் மாலை ஆறாம் மாடிக் கதவைத் தட்டி, அன்று என்ன நடந்தது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். சொல்லச் சொன்னவரே நான்காம் நாள், “விடையை மட்டும் சொல்லுங்க, வழிமுறை வேணாம்” என்று கெஞ்சும் அளவுக்குச் சொன்னார்.

பதினோராம் நாள் காலை ஏழு நாற்பதுக்கு லிஃப்ட் ஓடியது. டீச்சர்தான் முதல் ஆள். மிஷின் கூடவே இறங்கினார், ஒரு மாடிக்கு ஒரு வாக்கியம் வீதம் புது வடத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டு. தரைத்தளத்தில் கதவு திறந்தபோது, பத்து நாள் படியேறிய வெறியோடு அரைக் கட்டடமும் வரிசையில் நின்றிருந்தது. தீர்மானம் சாரும் இருந்தார். டீச்சர் வெளியே வந்து, ஆட்டோவைக் கூப்பிடப் போன நேரத்தில், தோள்பை மறுபடி கிணுகிணுத்தது.

“என்ன?” என்றார் டீச்சர், திரும்பாமலே.

புது வடம் ஒரு மாதத்தில் கொஞ்சம் நீளும் என்றார் மிஷின். நாலும் ஒரே மாதிரி நீளாது. மறுபடி இழுத்துச் சமன் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பாரம் முழுக்க ஒன்றிரண்டிலேயே விழுந்து, பழைய கதை திரும்பவும். அரை நாள் நிறுத்தினால் போதும். ஆனால் கண்டிப்பாக நிறுத்தவேண்டும்.

வரிசை முனகியது. தீர்மானம் சார் கக்கத்திலிருந்து நோட்டை எடுத்து, வரும் ஞாயிறு பத்து மணிக்கு நாற்காலிகளைப் போடச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

டீச்சர் சக்கரத்தைப் பிடித்து நாற்காலியைத் திருப்பினார். மணி ஏழு நாற்பத்தைந்து ஆகியிருந்தது. முதல் பாடவேளை அவருடையது.

“கூட்டமெல்லாம் வேணாம் சார். எல்லாரும் இங்கதானே நிக்கறாங்க” என்றவர் மிஷினிடம் திரும்பினார். “நீங்க இப்பவே, இங்கயே, எல்லார் முன்னாடியும் ஒரு தடவை பயந்துடுங்க. எனக்கு நேரமாச்சு.”

மிஷின் பையை இறக்கிவைத்துவிட்டு, வரிசைக்கும் லிஃப்டுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தார்.